பென்சில்வேனியாவில் அப்பாவின் முதல் ஓட்டு: வராத தபால் சீட்டும் ப்ரொவிஷனல் உறையும்

அப்பாவின் ஓட்டு எண்ணப்பட்டுவிட்டது என்று மாநிலத் தளத்தில் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்பு எழுதியிருந்தால் வெறும் கோபமாகத்தான் வந்திருக்கும். இப்போதும் கோபம் முழுசாகப் போகவில்லை. ஆனாலும் வயதான அப்பா அம்மாவை வைத்துக்கொண்டு பென்சில்வேனியாவில் ஓட்டுப் போட வேண்டியவர்கள் நம்மில் நிறையப் பேர். எங்களுக்கு ஆனது அவர்களுக்கு ஆகக்கூடாது.

2024 அதிபர் தேர்தலில் இந்த மாநிலத்துக்கு 19 எலக்டர்கள், அதாவது மாநிலத்தின் சார்பில் அதிபருக்கு ஓட்டுப் போடும் பிரதிநிதிகள். ஒரே ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கினாலும் ஜெயித்தவருக்கே பத்தொன்பதும் போய்விடும். 2016-ல் வித்தியாசம் 44,292 ஓட்டு, 2020-ல் 80,555. கிட்டத்தட்ட எழுபது லட்சம் பேர் ஓட்டுப் போடும் இடத்தில் இது ஒன்றுமே இல்லை. அப்பா குடியுரிமை வாங்கியபின் போடும் முதல் அதிபர் ஓட்டு இது. பதிவு செய்த அன்றிலிருந்தே அவருக்கு ஒரு பரபரப்பு.

செப்டம்பரில் அவருக்கு மூட்டு ஆபரேஷன் ஆனதால், வீட்டில் மூன்று பேருக்குமே தபால் ஓட்டுக்கு விண்ணப்பித்தேன். 2019-ல் வந்த சட்டத்தின்படி காரணம் எதுவும் சொல்லத் தேவையில்லை, ஆன்லைனிலேயே முடிந்துவிடும். எனக்கும் அம்மாவுக்கும் அக்டோபரில் ஓட்டுச் சீட்டு வந்தது. நிரப்பினோம், போட்டோம், 'பெற்றுக்கொண்டோம்' என்று மின்னஞ்சலும் வந்தது. எங்கள் இருவர் கதை அவ்வளவுதான். ஆனால் அதில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும்.

முதலாவது, உறை. சீட்டை மடித்து முதலில் மஞ்சள் நிற ரகசிய உறைக்குள் வைத்து ஒட்ட வேண்டும். அப்புறம் அதை வெளி உறைக்குள் வைக்க வேண்டும். மஞ்சள் உறை இல்லாமல் நேராக வெளி உறைக்குள் போட்டால் அந்த ஓட்டு செல்லாது. 2020-லேயே மாநில உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. வெளி உறையின் பின்பக்கம் கையெழுத்து வேண்டும், அந்தத் தேர்தலில் தேதியும் கட்டாயம். 2024 என்று வருடத்தை அச்சடித்தே கொடுத்திருந்தார்கள், மாதமும் நாளும் மட்டும் நாம் எழுத வேண்டும். இங்கேதான் நம் ஊர்ப் பழக்கம் காலை வாரும். சாப்பாட்டு மேஜையில் அம்மா பேனாவை எடுத்து முதல் கட்டத்தில் நாளை எழுதப் போனார். "அம்மா, இரு, மாசம்தான் முதல்ல" என்று கையைப் பிடித்தேன். ஐம்பது வருடப் பழக்கம், கை தானாக அப்படித்தான் போகும். பிறந்த தேதியை எழுதிவிடுகிறவர்களும் உண்டு. எழுத வேண்டியது கையெழுத்துப் போடும் நாளின் தேதி. தேதி இல்லாததற்காகவும் தப்பான தேதிக்காகவும் தள்ளப்பட்ட உறைகள் இந்த மாநிலத்தில் ஏராளம், அதன்மேல் நடந்த வழக்குகளும் ஏராளம். தப்பைச் சொல்லித் திருத்த விடுகிற கவுண்டிகள் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) சில இருக்கின்றன, விடாதவையும் இருக்கின்றன. நம் கவுண்டி எது என்று தேடிக்கொண்டிருப்பதைவிட உறையை இன்னொருவரிடம் காட்டிவிட்டு ஒட்டுவது மேல்.

இரண்டாவது, டிராப் பாக்ஸ், அதாவது நிரப்பிய உறையை நேரில் கொண்டுபோய்ப் போடும் பெட்டி. இங்கே அவரவர் ஓட்டை அவரவர்தான் கொண்டுபோய்ப் போட வேண்டும். ஒரே வீடு, ஒரே கார், கணவன் மனைவி என்பதெல்லாம் கணக்கில்லை. மனைவியின் உறையையும் சேர்த்துப் போடுவது சட்டப்படி தப்பு. உடல்நிலை காரணமாக வர முடியாதவர் மட்டும் தனிப் படிவத்தில் ஒருவரை நியமிக்கலாம். அம்மாவைக் கூட்டிக்கொண்டுதான் போனேன். உறையைப் பெட்டிக்குள் தள்ளியது அம்மாவின் கைதான்.

அப்பாவின் சீட்டு மட்டும் வரவே இல்லை. தளத்தில் 'அனுப்பிவிட்டோம்' என்று அம்மாவுக்கு இருந்த அதே தேதிதான் அவருக்கும் இருந்தது. அஞ்சல் பெட்டியை அப்பா ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டிருப்பார், வண்டி நின்றால் என்னைக் கூப்பிடுவார். கவுண்டி தேர்தல் அலுவலகத்துக்குப் போன் போட்டால் மணி அடிக்கும், இசை வரும், அப்புறம் வெட்டிவிடும். கடைசியில் ஒருவர் எடுத்தார். "பழையதை ரத்து செய்துவிட்டுப் புதிது தருவோம், நீங்களே நேரில் வந்து அப்பாவுக்காக வாங்கிக்கொள்ளலாம்" என்று தெளிவாகச் சொன்னார். லீவு போட்டுவிட்டுப் போனேன்.

அன்றைக்கு அந்த அலுவலக வரிசை கட்டடத்துக்கு வெளியே வந்து பார்க்கிங் வரை நின்றது. பென்சில்வேனியாவில் மற்ற மாநிலங்கள் மாதிரி முன்கூட்டியே எந்திரத்தில் ஓட்டுப் போடும் வசதி கிடையாது. கவுண்டி அலுவலகத்துக்குப் போய் அங்கேயே தபால் சீட்டு வாங்கி, அங்கேயே நிரப்பிக் கொடுக்கலாம், அவ்வளவுதான். அதற்குக் கடைசி நாள் அக்டோபர் 29, மாலை 5 மணி. அந்த நாள் நெருங்க நெருங்க எல்லாக் கவுண்டியிலும் கூட்டம். பக்ஸ் கவுண்டியில் வரிசையில் நின்றவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று வழக்கே போட்டார்கள், நீதிபதி அங்கே மட்டும் நவம்பர் 1 வரை நீட்டித்துக் கொடுத்தார். எங்களுடையது வேறு கவுண்டி. ஓட்டுப் போட வந்தவர்களும் என்னை மாதிரி வராத சீட்டைக் கேட்டு வந்தவர்களும் ஒரே வரிசையில்தான் நின்றோம்.

கவுன்ட்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "உங்கள் அப்பா எங்கே?" என்றார். ஆபரேஷன் ஆகியிருக்கிறது, போனில் நானே வரலாம் என்றார்கள் என்றேன். "அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள்" என்றார். எனக்கு அந்த ஒரு வாக்கியம்தான் இன்னும் ஆறவில்லை. இல்லை என்றால் இல்லை என்று சொல்லட்டும், ஏற்றுக்கொள்வேன். கேட்டதைக் கேட்கவே இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? முகவர் நியமனப் படிவம் வேண்டும், அதில் அப்பாவின் கையெழுத்து வேண்டும் என்றார். அந்தப் படிவத்தைக் கேட்டேன். தளத்தில் இருக்கிறது, அச்சடித்துக்கொள்ளுங்கள் என்றார். பின்னாலிருந்த மேஜையில் காகிதக் கட்டுகள் அடுக்கி இருந்தன. ஒரு தாளை எடுத்துக் கொடுத்திருக்கலாம்.

சரி, வீட்டுக்கு வந்து படிவத்தை அச்சடித்து, அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு மறுபடி போனேன். இந்த முறை வேறொருவர். படிவத்தை வாங்கிப் பார்த்தார், சரியாக இருக்கிறது என்றார், பழைய சீட்டை ரத்தும் செய்தார். ஆனால் புதிதைக் கையில் தராமல் தபாலில் அனுப்புகிறோம் என்றார். தபாலில் வராததால்தானே வந்திருக்கிறேன் என்றேன். இப்போது முறை அப்படித்தான் என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டார். தேர்தலுக்கு முந்தின சனிக்கிழமை வரவில்லை, திங்கட்கிழமையும் வரவில்லை. வந்தாலும் தேர்தல் நாளான செவ்வாய்க்கிழமை இரவு 8 மணிக்குள் அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அஞ்சல் முத்திரை எந்தத் தேதியில் இருந்தாலும் அதற்குமேல் வருவது எண்ணப்படாது.

திங்கட்கிழமை மறுபடி போனில் கேட்டபோது, "தபால் ஓட்டு கேட்டவர் வாக்குச்சாவடியில் போட முடியாது" என்றார் ஒருவர். இதுதான் இருப்பதிலேயே ஆபத்தான பதில். இதை நம்பி வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் எத்தனை பேரோ. தயவுசெய்து இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: தபால் சீட்டு கையில் இருந்தால் சீட்டையும் வெளி உறையையும் வாக்குச்சாவடிக்குக் கொண்டுபோய் ஒப்படைத்து, ஓர் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டால், எல்லோரையும் போலவே சாதாரணமாக ஓட்டுப் போடலாம். சீட்டு வரவே இல்லை என்றால் ப்ரொவிஷனல் பேலட் கேட்க வேண்டும். அதாவது தற்காலிக ஓட்டு. அதைத் தனி உறையில் வைத்துக்கொள்வார்கள். தபாலில் அந்த ஆளின் ஓட்டு வரவில்லை என்று சரிபார்த்தபின் எண்ணுவார்கள். இதைத் தருவது அவர்கள் கடமை. மஞ்சள் உறையை விட்டுவிட்டு அனுப்பித் தள்ளப்பட்டவர்களும் நேரில் போய் ப்ரொவிஷனல் போடலாம், அதை எண்ணத்தான் வேண்டும் என்று பட்லர் கவுண்டி வழக்கில் அக்டோபர் 23-ஆம் தேதிதான் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அந்தச் செய்தியைப் படித்திருந்ததால்தான் போனில் சொன்னதை நான் நம்பவில்லை.

"நான் வர்றேம்மா. குச்சியை ஊன்றிக்கிட்டு மெதுவா நடந்துடுவேன்" என்றார் அப்பா. இஸ்திரி போட்ட சட்டையோடு காலையிலேயே தயாராக இருந்தார்.

வாக்குச்சாவடி எங்களுக்கு ஒரு பள்ளிக்கூடத்து ஜிம்மில். உள்ளே நுழைந்ததும் பெயர் இல்லை என்றார்கள். தமிழ்ப் பெயர் வைத்திருக்கிற எல்லோருக்கும் சொல்கிறேன், இந்தப் பதிலைக் கேட்டுத் திரும்பிவிடாதீர்கள். பட்டியல் குடும்பப் பெயர் வரிசையில் இருக்கிறது. அப்பாவுக்கோ இனிஷியல்தான் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் தாத்தா பெயர் ஒரு பக்கம், வாக்காளர் பதிவில் இன்னொரு பக்கம். அவர் சொந்தப் பெயரின் எழுத்தில் தேடச் சொன்னேன், உடனே கிடைத்தது. அந்த வாக்குச்சாவடியில் முதல்முறை போடுகிறவர் அடையாள அட்டை காட்ட வேண்டும், பாஸ்போர்ட் போதும். பெயருக்குப் பக்கத்திலேயே தபால் சீட்டு அனுப்பப்பட்டதாகக் குறிப்பு இருந்தது. நாங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே அந்த மேஜைக்காரர், "ப்ரொவிஷனல்தானே?" என்றார். அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாதது, நாள் முழுக்க நிற்கிற அந்த அக்கம்பக்கத்து மனிதருக்குத் தெரிந்திருந்தது.

அப்பாவுக்கு ஆங்கிலம் பேச வரும், ஆனால் சீட்டில் இருக்கிற சின்ன எழுத்தும் பதவிப் பெயர்களும் சிரமம். படிக்கச் சிரமப்படுகிறவர் தனக்கு வேண்டியவரை உதவிக்குக் கூட்டிக்கொள்ளலாம் என்பது மத்திய வாக்குரிமைச் சட்டம். முதலாளியும் அவர் ஆட்களும், தொழிற்சங்கத்துக்காரர்களும் மட்டும் கூடாது. ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு என்னைப் பக்கத்தில் நிற்க விட்டார்கள். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். அதிபர், செனட்டர், அட்டர்னி ஜெனரல், ஆடிட்டர் ஜெனரல், டிரஷரர், அப்புறம் பிரதிநிதிகள். ஒரே கோடு போட்டு ஒரு கட்சிக்கே எல்லாவற்றையும் கொடுக்கிற வழியை 2019 சட்டத்தோடு எடுத்துவிட்டார்கள், ஒவ்வொன்றாகத்தான் நிரப்ப வேண்டும். ஆடிட்டர் ஜெனரல் என்ன செய்வார் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் அப்பா அந்த வட்டத்தைக் கறுப்பாக்கினார். வெளியே ஒரு துளி மை போகாமல், நிறுத்தி நிதானமாக.

ப்ரொவிஷனல் ஓட்டின் உயிர் கையெழுத்துகளில்தான் இருக்கிறது. ஓட்டுப் போடுவதற்கு முன்பு ஒரு கையெழுத்து, பின்பு ஒன்று, இரண்டும் வாக்காளருடையது. அதுபோக வாக்குச்சாவடித் தலைவரும் ஓர் இன்ஸ்பெக்டரும் (அவரும் வாக்குச்சாவடி ஊழியர்தான்) போட வேண்டும். சீட்டை ரகசிய உறையில் வைத்துப் பிறகு வெளி உறை. எல்லாம் முடிந்து உறையைப் பைக்குள் போடப் போனார்கள். திருப்பிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். இன்ஸ்பெக்டர் கையெழுத்துக் கட்டம் காலியாக இருந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு உடனே போட்டார்கள். அந்த உறையை நான் திருப்பிப் பார்த்ததை இந்தத் தேர்தலில் நான் செய்த பெரிய காரியமாக நினைக்கிறேன். எண் அச்சடித்த துண்டுச் சீட்டு ஒன்று தருவார்கள், அதைத் தொலைக்காதீர்கள். பிறகு அப்பா இடதுகை ஆள்காட்டி விரலை நீட்டி, மை இல்லையா என்று கேட்டார். அதற்குப் பதிலாக அங்கிருந்த ஊழியர் ஒருவர் ஒரு ஸ்டிக்கரை அவர் சட்டையில் ஒட்டிவிட்டார்.

அதிபர் முடிவு மறுநாள் விடிவதற்குள் தெரிந்துவிட்டது. மாநிலம் டிரம்ப்புக்குப் போனது, வித்தியாசம் 1,20,000-க்குச் சற்று மேல். டிசம்பர் 17-ஆம் தேதி ஹாரிஸ்பர்க்கில் எலக்டர்கள் கூடி அதைப் பதிவு செய்தார்கள். ஆனால் செனட் இடத்துக்கு குடியரசுக் கட்சியின் மெக்கார்மிக்குக்கும் அப்போது செனட்டராக இருந்த ஜனநாயகக் கட்சியின் கேசிக்கும் நடுவே வித்தியாசம் அரை சதவீதத்துக்கும் கீழே, தானாகவே மறு எண்ணிக்கை. அப்போது பார்த்தால் சண்டை முழுக்க எங்கள் வீட்டு விஷயத்தின் மேல்தான்: தேதி இல்லாத உறைகளை எண்ணலாமா, வாக்குச்சாவடி ஊழியர் கையெழுத்து விட்டுப்போன ப்ரொவிஷனல் ஓட்டுகளை என்ன செய்வது. தேதி இல்லாததை எண்ணக்கூடாது என்று நவம்பர் 18-ஆம் தேதி மாநில உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட்டது. நவம்பர் 21-ஆம் தேதி கேசி தோல்வியை ஒப்புக்கொண்டார். அந்த நாட்களில் அப்பா செய்தியை விட்டு எழுந்திருக்கவில்லை. துண்டுச் சீட்டு எண்ணைத் தளத்தில் போட்டுப் பார்ப்பது எங்களுக்குத் தினசரி வேலையானது. ஒரு மாலை 'எண்ணப்பட்டது' என்று வந்தது. அம்மா கேசரி கிளறினார்.

யாருக்கு விழுந்தது என்று நானும் எழுதப்போவதில்லை, அப்பாவும் சொல்ல மாட்டார்.

இன்னொன்று. தபால் ஓட்டை வருடாவருடம் புதுப்பிக்கும் பட்டியலில் சேர்ந்திருந்தால் பிப்ரவரி வாக்கில் கவுண்டியிலிருந்து ஒரு விண்ணப்பம் வரும். அதைத் திருப்பி அனுப்பினால்தான் அந்த வருடம் சீட்டு வரும். எங்கள் வீட்டுக்கும் வந்தது. அம்மாவுடையதையும் என்னுடையதையும் அனுப்பிவிட்டேன். அப்பா தன்னுடையதை நிரப்ப வேண்டாம் என்றுவிட்டார். மூட்டு இப்போது பரவாயில்லை, மே மாத ப்ரைமரிக்கு (கட்சி வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல்) ஜிம்முக்கே நடந்து வருவாராம்.