கோயம்பேடு ஆட்டம்: வெட்டிக் குறைத்த கணக்கு

8.6.2025, ஞாயிறு
கோயம்பேடு சந்தையை வைத்து நான் உருவாக்கும் அட்டை விளையாட்டு இது. நாலு பேருடன் முதல் முழு ஆட்டம். 12 காய்கறி, 108 அட்டை, 12 சுற்று, 9 பக்க விதித்தாள். ஒரு மணி நேர ஆட்டம் என்று திட்டம். முடிய மூன்றேகால் மணி நேரம். ஸ்டாப்வாட்ச் கணக்கு: ஒரு சுற்றில் யோசிக்க 6 நிமிடம், விலை வில்லைகளை நகர்த்த 5 நிமிடம். ஆக, ஒரு மணி நேரம் வெறும் குமாஸ்தா வேலை. மீதி, விதித்தாளைப் புரட்டியதில் போனது.

14.6.2025, சனி
குற்றவாளி விலை உருட்டல்தான். ஒவ்வொரு காய்க்கும் இரண்டு தாயக்கட்டை உருட்டி, கூட்டுத்தொகை 3க்கு மேல் என்றால் விலை ஏற்றம், கீழே இறக்கம், 3 விழுந்தால் மாற்றமில்லை. கட்டைகளில் 0, 1, 2, 3. ஜோடி 16 விதமாக விழும், அதில் 4 விதம் மூன்று. கால்வாசி உருட்டல் வீண்!

இனி காய் ஐந்துதான். ஒரு பெட்டி விற்றால் அந்தக் காய் ஒரு படி இறங்கும். விற்காத காய் சுற்று முடிவில் ஒரு படி ஏறும். கட்டை சுற்றுக்கு ஒரே தடவை, எத்தனை லோடு வருகிறது என்பதற்கு. இரண்டும் வெறுமையாக விழுந்தால் தெருத் தாயத்தில் போலவே பன்னிரண்டு: சந்தை முழுக்கத் தக்காளி, விலை தரைக்கு. (இதை வெட்ட மனசு வரவில்லை.)

முருங்கைக்காய்க்கு மட்டும் இருந்த தனி அழுகல் விதி போச்சு. "இது அழுகுமா?" என்று அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். இப்போது அழுகும் காய்க்கு இடது ஓரத்தில் 5 மி.மீ. சிவப்புப் பட்டை, அட்டைகளை விசிறியாகப் பிடித்தாலும் தெரியும்.

21.6.2025, சனி
அட்டை அச்சடிப்பு விசாரிக்க, சென்னையின் காகிதக் கடைகள் இருக்கும் ஆண்டர்சன் தெரு. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) ஆர்ட் கார்டு, 63×88 மி.மீ. அட்டை. சுற்றிலும் 3 மி.மீ. ப்ளீட் (வெட்டி எறியும் ஓரம்) விட்டால் 12×18 அங்குலத் தாளில் 18 அடங்கும். 54 அட்டைக்கு 3 தாள். பழைய 108க்கு 6 ஆகியிருக்கும். ஒரு பக்கம் மட்டும் லேமினேட் செய்த மாதிரி அட்டை, மறுபக்கம் ஈரம் குடித்து மறுநாளே வளைந்தது. இரண்டு பக்கமும் போடணும். உண்மையில் இப்போதே அச்சடிப்பது அவசரப்படுவதுதான்: பழைய சீட்டையும் பேனாவால் எழுதிய துண்டுச்சீட்டையும் உறையில் செருகினால் சோதனைக்குப் போதும்.

29.6.2025, ஞாயிறு
75 நிமிடம், விதி 2 பக்கம். இழுப்பது ஏலம் மட்டும். மூன்று வட்டம் சுற்றுகிறது. பதிலுக்கு, கேட்கும் விலைக்கு மூடிய கையில் புளியங்கொட்டை, எல்லோரும் ஒரே நேரத்தில் விரிக்கணும். சமமானால் கட்டை உருட்டியவருக்கு வலப்பக்கம் முதலில் இருப்பவருக்கு. சின்னக் கையில் 12க்கு மேல் பிதுங்குகிறது, அதனால் உச்சவரம்பு 12.