"குணமாயிட்டேன்னு எழுதாதீங்க சார்"

மனநல வார்டிலிருந்து சிறைக்குத் திரும்பும் நாள் நெருங்கும்போது சில கைதிகள் வார்டு மருத்துவர்களான எங்களிடம் மெல்லக் கேட்பார்கள்: "குணமாயிட்டேன்னு எழுதாதீங்க சார்." நோய் பேசுகிறதா, தெளிவு பேசுகிறதா? பெரும்பாலும் தெளிவுதான். சிறையில் மருந்து ஒழுங்காகத் தொடருமா என்ற பயம் அது. அதனால்தான் அந்த வேண்டுகோள் மனதை விட்டுப் போவதில்லை.

மனச்சிதைவுக்கு இரண்டு மருந்துகளை முழு அளவில் ஆறு வாரமாவது கொடுத்தும் காதில் குரல் கேட்பது நிற்கவில்லை என்றால், அடுத்தது குளோசபின். 12.5 மில்லிகிராமில் தொடங்கி மெதுவாக ஏற்ற வேண்டும். ரத்தத்தில் வெள்ளணு குறையக்கூடும் என்பதால் முதல் 18 வாரம் வாரந்தோறும் அதன் எண்ணிக்கை பார்க்க வேண்டும்; காய்ச்சல், தொண்டை வலி என்றால் அன்றே. மலச்சிக்கலைச் சாதாரணமாக விடக்கூடாது, உயிருக்கே ஆபத்தாகும். மருந்து 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவை, உதாரணத்துக்கு 300 மில்லிகிராமை, அப்படியே கொடுக்கக் கூடாது; ரத்த அழுத்தம் சரிந்து ஆள் விழுந்துவிடுவார். மறுபடி 12.5-லிருந்துதான்.

வெள்ளிக்கிழமை மாலை சிறைக்குப் போகிறவருக்கு மாத்திரை திங்கட்கிழமை கிடைத்தால் அந்த 48 மணி நேரம் தாண்டிவிடும். பீடியும் ஒரு சிக்கல். வார்டில் புகை இல்லாமல் பார்த்து வைத்த அளவு, வெளியே பீடி கிடைத்ததும் ரத்தத்தில் வெகுவாக இறங்கிவிடும். மாத்திரை அதேதான்; குரல் திரும்பி வரும்.

அதனால் பலருக்கு நீண்ட நாள் வேலை செய்யும் ஊசியைப் போட்டு அனுப்புகிறோம். ஃபுளுஃபெனசின் 25 மில்லிகிராம், இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை. கன்னத்தில் ஒதுக்கி வைத்துத் துப்ப முடியாது, அடுத்தவர் பிடுங்க முடியாது, லாக்கப் நேரத்துக்கும் இடிக்காது. காரணங்கள் சரியானவை. ஆனால் மாத்திரையைத் துப்பியதால் குணமாகாதவருக்குத்தான் ஊசி உதவும். ஒழுங்காகச் சாப்பிட்டும் குணமாகாதவருக்கு அதே வகை மருந்தை ஊசியில் ஏற்றுவதை எப்படி நியாயப்படுத்துவது? அவருக்கு எது நல்லது என்று தொடங்கிய யோசனை, சிறைக்கு எது தோது என்பதில் போய் நின்றுவிடுகிறது.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 103-வது பிரிவு, மாநிலத்தில் ஒரு சிறையிலாவது அதன் மருத்துவப் பிரிவுக்குள் மனநல நிலையம் இருக்க வேண்டும் என்கிறது. இரவிலும் நர்ஸ், வாராந்திர ரத்தப் பரிசோதனை, இந்த இரண்டும் அங்கே இருந்தால் குளோசபின் கொடுக்கத் தயங்க வேண்டியதில்லை.

எழுதுவதால் மட்டும் எதுவும் நடந்துவிடாது என்பதும் தெரியும். அசாமின் மச்சாங் லாலுங் 1951-ல் கைதாகி தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்குப் போனவர். 1967-லேயே மருத்துவர்கள் தேறிவிட்டார் என்று எழுதினார்கள். வெளியே வந்தது 2005-ல்.

படுக்கையைப் பிடித்து வைத்தால் அடுத்த கைதி காத்திருப்பார். அதனால் எழுதத்தான் செய்கிறோம்: "மருந்தால் நோய் கட்டுக்குள் இருக்கிறது. விட்டுப்போனால் பழைய அளவு வேண்டாம், கூப்பிடவும்." ஏழு நாள் மாத்திரை, ரத்தப் பரிசோதனைத் தேதி, வார்டு போன் நம்பர் எல்லாம் கூடவே போகும். வழிக்காவலர் கையில் தாளைக் கொடுப்பதோடு விடாமல், சிறை மருத்துவருக்கும் போனில் படித்துக் காட்டுகிறோம். இன்னும் இரண்டு வாரம் வைத்திருக்கலாமோ என்று அப்போதும் தோன்றும்.