கரி கேஸில் பத்மினி: நாட்குறிப்பு

ஜனவரி 21

பெட்ரோலுக்குப் பதிலாக மரக்கரியிலிருந்து எடுக்கும் கேஸில் ஒரு காரை ஓட்டிப் பார்க்கப் போகிறேன். அதற்கான கரி உலை பட்டறையிலிருந்து இன்று வந்து சேர்ந்தது. பழைய ஏர் கம்ப்ரஸர் டேங்க்தான். மேலே கரி கொட்ட மூடி, கீழே ஒரு பக்கம் காற்று உள்ளே போகத் தடித்த குழாய், அதற்கு நேர் எதிரே கம்பிச்சல்லடை, சல்லடைக்குப் பின்னால் கேஸ் வெளியே வரும் வாய். வண்டி என் சித்தப்பா வைத்திருந்த பிரீமியர் பத்மினி. பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் வைத்த எஞ்சின் என்பதால்தான் அதை எடுத்தேன். அந்த வாயிலேயே கேஸையும் சேர்த்துவிடலாம்.

உலை டிக்கிக்குள் இல்லை. பின் பம்பருக்கு வெளியே ஆங்கிள் அடித்து நிறுத்தியிருக்கிறோம். ஆள் உட்காரும் இடத்தோடு இந்தக் கேஸுக்கு எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. குழாய் கூரை மேலாகவே பானட் வரைக்கும் போகிறது. அந்த நீளத்திலேயே கேஸ் ஆறிவிடும். சூடான கேஸ் விரிந்து நிற்பதால் எஞ்சினுக்குள் போகும் அளவு குறையும்.

ஜனவரி 28

முதுகுளத்தூர் பக்கம் கரிமூட்டம் போடும் அண்ணனிடம் போயிருந்தேன். எங்கள் மாவட்டத்தில் சீமைக்கருவேலத்துக்குக் குறைச்சலே இல்லை. கட்டைகளை அடுக்கி, வைக்கோல் போர்த்தி, ஈரமண் பூசி, உள்ளே தீ வைத்துவிட்டு ராத்திரி பகலாகக் காவல் இருக்கிறார். முதலில் வெள்ளையாக, கெட்டியாகப் புகை வரும். அது கட்டையிலிருக்கும் ஈரம். புகை மெலிந்து நீலம் தட்டியதும் ஓட்டைகளை மண் வைத்து அடைத்துவிடுவார். ஒரு மணி நேரம் அசந்தால் மூட்டம் முழுக்கச் சாம்பல்.

"நல்ல கரின்னா தட்டிப் பாருங்க தம்பி, கணீர்னு கேக்கணும். உடைச்சா உள்ள பழுப்பு தெரியக் கூடாது" என்றார். அவர் அடுப்புக்கும் ஓட்டலுக்கும் சொல்கிற அதே சோதனை எஞ்சினுக்கும் பொருந்தும். பழுப்பாக இருப்பது பாதி வெந்த விறகு. அதிலிருந்து தார், அதாவது பிசுபிசுப்பான கருப்புப் பிசின், வரும். தார் வால்வில் ஒட்டினால் எஞ்சினைப் பிரிக்க வேண்டியதுதான்.

பிப்ரவரி 4

நாள் முழுக்கக் கரி உடைத்துச் சலித்தோம். சுண்டைக்காய் அளவிலிருந்து சின்ன நெல்லிக்காய் அளவு வரைக்கும்தான் வேண்டும். தூள் அதிகமானால் காற்று போகாது. பெரிய கட்டி விழுந்தால் நடுவில் பொந்து விழுந்து கேஸ் கெட்டுவிடும்.

பிப்ரவரி 11

பற்ற வைத்தோம்! எஞ்சினோடு சேர்க்கவில்லை. ப்ளோயரை வைத்து இழுத்து, வெளியே வரும் கேஸை மட்டும் எரித்துப் பார்த்தோம். முதலில் வெண்மையாக ஆவி வந்தது, தீக்குச்சி காட்டினால் பிடிக்கவில்லை. சில நிமிஷம் கழித்து 'பப்' என்று பிடித்து நின்று எரிந்தது. வெயிலில் தீ கண்ணுக்கே தெரியவில்லை. ஒரு சாக்கை நிழலுக்குப் பிடித்தபோதுதான் நீல நாக்கு தெரிந்தது.

உள்ளே நடப்பது இதுதான். காற்று நுழையும் வாயில் கரி எரிந்து கார்பன் டை ஆக்ஸைடு ஆகிறது. அது தணல் வழியாக மேற்கொண்டு போகும்போது ஆக்ஸிஜன் மிச்சமில்லை. அங்கே இன்னொரு கார்பனைச் சேர்த்துக்கொண்டு கார்பன் மோனாக்ஸைடாக மாறுகிறது. எஞ்சினில் எரியப் போவது அதுதான். கரியில் கொஞ்சம் ஈரம் இருந்தால் ஹைட்ரஜனும் சேரும். காற்றோடு வந்த நைட்ரஜன் சும்மா கூடவே வந்து பாதிக்கு மேல் இடத்தை அடைத்துக்கொள்கிறது.

பிப்ரவரி 12

இதைத் தனியாக எழுத வேண்டும். கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டும். எஞ்சின் ஓடும்போது குழாய்க்குள் உறிஞ்சல் இருப்பதால் ஓட்டை இருந்தால் காற்றுதான் உள்ளே போகும். அதுவும் ஆபத்து, குழாய்க்குள்ளேயே கலவை சேர்ந்து வெடிக்கலாம். அதைவிட மோசமானது எஞ்சினை நிறுத்திய பிறகு. உலையில் தணல் இருக்கிற வரைக்கும் கேஸ் கசிந்துகொண்டே இருக்கும். வண்டியை ஷெட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினால் உயிர் போகும். எங்கள் வண்டி ராத்திரியும் தோப்பில் திறந்தவெளியில்தான் நிற்கும். பக்கத்தில் யாரையும் படுக்க விடுவதில்லை. இதைப் படித்துவிட்டுச் செய்து பார்க்க நினைக்கும் தம்பிகள் மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

பிப்ரவரி 25

பக்கத்துத் தெருத் தாத்தா வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "கரி பஸ்ஸுல்ல இது!" என்றார். சின்ன வயதில் அதில் போயிருக்கிறார். புறப்படுவதற்கு முன்னால் கிளீனர் பின்பக்கம் நின்று சக்கரத்தைச் சுற்றிக் காற்று ஊத வேண்டுமாம். மேடு வந்தால் எல்லாரும் இறங்கித் தள்ளினார்களாம். "அந்தக் கிளீனர் பயலுக்கு முகமே தெரியாது, பல்லு மட்டுந்தான் தெரியும்" என்றார்.

1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனது. பின்வாங்கிய ஆங்கிலேயர்கள் யெனாங்யாங் எண்ணெய் வயல்களைத் தாங்களே அழித்துவிட்டுப் போனார்கள். பெட்ரோல் தட்டுப்பாடு கடுமையானது. மதுரையில் டி.வி.சுந்தரம் ஐயங்கார் தன் பஸ்களை நிறுத்தாமல் ஓட்ட 'டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட்' என்று சொந்தமாகவே தயாரித்தார். முதலாளி பெயர் வரலாற்றில் இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். ஆனால் தினமும் விடியற்காலையில் சாம்பலை வாரி, வடிகட்டியைக் கழுவி, சக்கரம் சுற்றிய கிளீனர்கள் கற்றுக்கொண்டதை யார் எழுதி வைத்தார்கள்? நான் இந்தக் குறிப்பை இவ்வளவு விவரமாக எழுதுவது அதற்காகத்தான்.

மார்ச் 3

ஓடியது. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, கேஸ் வால்வைத் திறந்து, பெட்ரோலை மெல்ல அடைத்தோம். ஒரு பங்கு கேஸுக்கு ஏறக்குறைய ஒரு பங்கு காற்று. கார்புரேட்டர் வாயில் 'T' வடிவக் குழாய் ஒன்றும் காற்றுக்குத் தனி வால்வும் போதும். முதலில் திணறியது. இந்தக் கேஸ் மெதுவாக எரியும், அதனால் மெக்கானிக் டெல்கோவை (எஞ்சினுக்குத் தீப்பொறி பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர்) திருப்பித் திருப்பி, தீப்பொறி கொஞ்சம் முன்னதாகவே விழும்படி டைமிங்கை முன்னால் கொண்டுவந்தார். ஓர் இடத்தில் சத்தம் சட்டென்று சீராகி, எஞ்சின் பிடித்து நின்றது. அவர் கையைத் துடைக்காமலே என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

மார்ச் 10

தோப்புப் பாதைக்குள்தான் ஓட்டுகிறோம். ஆர்டிஓ அனுமதி இல்லாமல் எரிபொருளை மாற்றிய வண்டியை ரோட்டில் ஏற்றக் கூடாது. இழுவை பாதிதான். கேஸும் காற்றும் சேர்ந்த கலவையின் வெப்பமே பெட்ரோல் கலவையில் மூன்றில் இரண்டு பங்கு. அதற்கு மேல் உலையிலிருந்து உறிஞ்சி இழுக்கிற சிரமம் வேறு. கண்மாய்க் கரை ஏற ஃபர்ஸ்ட் கியர்தான்.

எஞ்சினுக்குப் போகும் கேஸிலிருந்து கரித்தூளைப் பிடிக்க வைத்த தென்னைநார் வடிகட்டியைத் திறந்து பார்த்தேன். மேலடுக்கு கருப்பு, அடுத்தது சாம்பல் நிறம், கடைசி அடுக்கு போட்டபடியே பழுப்பாக இருந்தது. அதற்கும் பின்னால் இருந்த வெள்ளைத்துணியில் லேசான நிழல் மட்டும். மனசு நிறைந்துவிட்டது.

மார்ச் 24

நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள்: எல்லாரும் இதில் ஓட்டலாமே? முடியாது. ஒரு லிட்டர் பெட்ரோல் வேலைக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ கரி வேண்டும். மூட்டத்தில் ஒரு கிலோ கரி எடுக்க நாலைந்து கிலோ காய்ந்த விறகு போகும். விறகையே நேராக உலையில் போட்டால் லிட்டருக்கு மூன்று கிலோவுக்குள் முடிந்துவிடும். பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் இம்பெர்ட் 1920களில் அதற்குத்தான் வழி கண்டார்: கேஸ் கீழ்நோக்கி இறங்கி, இடுப்பு சிறுத்த தணல் பகுதியைத் தாண்டிப் போகும்போது தார் சிதைந்துவிடும். இரண்டாம் உலகப் போரின் முடிவில் ஜெர்மனியில் மட்டும் ஏறக்குறைய 5 லட்சம் வண்டிகள் இப்படி உலை கட்டி ஓடின. ஸ்வீடனில் 70 ஆயிரத்துக்கு மேல். போர் முடிந்து பெட்ரோல் வந்ததும் எல்லாரும் கழற்றிப் போட்டுவிட்டார்கள்.

காருக்கு இல்லை என்றால் எதற்கு? நம் பக்கம் பம்புசெட்டுக்குச் சரியாக வரும் என்பது என் எண்ணம். அது ஒரே வேகத்தில் ஓடும், நகராது, திறந்தவெளியில் நிற்கும். சீமைக்கருவேலமோ வெட்ட வெட்ட முளைக்கிறது.

ஏப்ரல் 7

விறகு உலைக்கு அளவு போட்டுப் பட்டறையில் கொடுத்தாயிற்று. இடுப்புப் பகுதிக்குக் கனத்த தகடு கேட்டிருக்கிறேன். அங்கே சூடு ஆயிரம் டிகிரிக்கு மேல். விறகைச் சிறுசாக வெட்டித் தகரக்கூரை மேல் காயப் போட்டிருக்கிறோம். ஈரம் இருபது சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் பற்ற வைப்போம்.