கூட்டின முற்றம்

"கூட்டாமல் விட்டிருக்கலாம் அம்மா. படத்தில ஒண்டும் தெரியாது."

ஆறுதலாகத்தான் சொன்னேன். ஆனாலும் அந்தச் சொல் இன்னும் என்னைக் குடைகிறது.

சுழல்காற்று அடித்த இரண்டாம் நாள். விதானையாரும் நானும் சேத விபரம் பதிந்துகொண்டு போனோம். பக்கத்து வளவில் எல்லாம் விழுந்தபடியே கிடந்தது. முறிந்த வளை, சிலாகை, நொறுங்கிய ஓடு, நனைந்த மெத்தை. நாலு படம் எடுத்தேன், முடிந்தது. இந்த வளவிலோ கூரையில்லாத சுவர்களும் விளக்குமாற்றுத் தடம் பதிந்த மண்ணும்தான். உடைந்த ஓடுகள் கிணற்றடியில் குவிக்கப்பட்டிருந்தன. சிலாகைகளை விறகாகக் கட்டி வைத்திருந்தார் அந்த வீட்டு அம்மா.

"கந்தோர் ஆக்கள் வருவியள் எண்டு சொல்லிச்சினம் தம்பி. குப்பையாக் கிடக்க உங்களை எப்பிடி உள்ள கூப்பிடுறது?" என்றவர், நான் சொன்னதைக் கேட்டதும், "அப்ப பிழையாப் போச்சோ?" என்றார். நான் படிவத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

படிவத்தில் இரண்டே கூடு: முழுச் சேதம், பகுதிச் சேதம். சுவர் நின்றது, பகுதி என்று எழுதினேன். அது விதிப்படி சரி. சேதத்தை வைத்துச் சுழல்காற்றின் வேகத்தை மதிப்பிட அமெரிக்காவில் 2007 முதல் பாவிக்கும் திருத்திய புஜிதா அளவுகோலில் ஒரு குடியிருப்பு வீட்டின் சேதத்துக்கே 10 படிகள். கூரையின் பெரும்பகுதி போய்ச் சுவர்கள் நிற்பது 6ஆம் படி. காற்று மணிக்கு 104 முதல் 142 மைல் வரை இருந்திருக்கலாம் என்பார்கள். வீட்டுக் கட்டு பலமா, பலவீனமா என்பதற்காகத்தான் அவ்வளவு இடைவெளி. அது அவர்களுடைய மரச்சட்ட வீடுகளுக்கான கணக்கு, எங்கள் சுண்ணாம்புக்கல் சுவருக்குப் பொருந்தாது. ஆனால் வீட்டின் பலத்தையும் சேர்த்துக் கேட்கிறார்களே, அதுதான் என்னைத் தொட்டது.

1974 ஏப்ரலில் 13 மாநிலங்களில் 148 சுழல்காற்றுகள் அடித்தபோது, அந்த அளவுகோலை முதலில் வகுத்த வானிலை ஆய்வாளர் புஜிதா வானிலிருந்தும் தடம் பார்த்தார். மரங்கள் உள்நோக்கிச் சாய்ந்தால் சுழல், வெளியே விரிந்து சாய்ந்தால் மேலிருந்து இறங்கி அறைந்த காற்று. விழுந்தது விழுந்தபடி கிடந்தால்தான் அதைச் சொல்லலாம். ஆக நான் சொன்னது பிழையில்லை. ஓடுகளைத் திரும்பப் பரப்பிப் படம் எடுத்திருந்தால் அது பொய்ச் சாட்சி.

குறிப்புப் பகுதியில் ஒரு வரி எழுதினேன்: "ஓடுகள் அகற்றப்பட்டுள்ளன." அகற்றியது காற்றா, அவரா? அதை வாசிக்கிறவர் என்ன நினைத்திருப்பார்? கூரை முழுதும் காற்றில் போனது, ஓட்டுக்குவியல் கிணற்றடியில் கிடக்கிறது என்று எழுத எனக்கு இடமிருந்தது. அடுத்த வீட்டுக்குப் போகிற அவசரம் என்று சொல்லிக்கொள்கிறேன். அவ்வளவு அவசரமும் இருக்கவில்லை.

இப்போதெல்லாம் நாங்கள் வரும்வரை ஒன்றையும் கூட்ட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். போன முறை ஒரு வீட்டில், நான் வருவேன் என்று மூன்று நாளாகச் சின்னப் பிள்ளைகளும் ஓட்டுத் துண்டுகளுக்குள்ளே கால் வைத்து நடந்திருக்கிறார்கள்.