மேலூர் கிரானைட் துண்டில் உராய்வுக் குணகம்

மதுரைப் பக்கம் கிரானைட் துண்டுக்குப் பஞ்சமில்லை. மேலூரிலிருந்து வரும் பலகைக்கல் வெட்டும் பட்டறையில் கேட்டால் மீந்த துண்டு கிடைக்கும். அதன் மேல் 500 கிராம் மரக்கட்டை, ஒரு சுருள்வில் தராசு. உராய்வுக் குணகம், அதாவது உராய்வு விசைக்கும் கட்டை கல்லை அழுத்தும் விசைக்கும் உள்ள விகிதம், காணும் பிளஸ் ஒன் செய்முறைக்கு இது தாராளம்.

தராசைப் படுக்கப்போட்டதும் முள் பூஜ்ஜியத்தில் நிற்காது; கொக்கியின் எடை இப்போது வில்லை இழுப்பதில்லை. முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பிறகு மெதுவாக இழுக்க வேண்டும். கட்டை நகரும் கணத்தில் 225 கிராம், சீராக நகரும்போது 155 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஓய்வுநிலைக் குணகம் 225/500 = 0.45, இயக்கக் குணகம் 0.31. இழுவையும் கட்டையும் கிராமில் இருப்பதால், ஈர்ப்பு முடுக்கமான 9.8-ஆல் பெருக்குவது வீண் வேலை. வெடுக்கென்று இழுத்தால் முதல் எண் எகிறிவிடும். நூல் மேல்நோக்கிச் சாய்ந்தால் கட்டைக்கும் கல்லுக்கும் இடையிலான செங்குத்து விசை குறைந்து கணக்கே தப்பும். கட்டையின் அடிப்பக்கத்தைத் தொடாதீர்கள். சித்திரை வெயிலில் கை வியர்வையே போதும், அளவு மாற.

கல்லைச் சாய்த்தும் அளக்கலாம்: சாய்தளத்தில் கட்டை நழுவத் தொடங்கும் கோணத்தின் டேன் மதிப்புதான் ஓய்வுநிலைக் குணகம். உயரத்தைச் சாய்ந்த கல்லின் நீளத்தால் வகுப்பவர்கள்தான் அதிகம். அது சைன், 25 பாகையில் 0.466 வரவேண்டிய இடத்தில் 0.423 வரும். கிடைமட்டத் தூரத்தால் வகுக்க வேண்டும்.

அதே 25 பாகையில் ஓய்விலிருந்து 80 செ.மீ. சறுக்க 1 நொடி ஆனால், முடுக்கம் 1.6 மீ/வி². இயக்கக் குணகம் = டேன் − முடுக்கம்/(9.8 × கொசைன்) = 0.466 − 1.6/(9.8 × 0.906), அதாவது சுமார் 0.29. நேரத்தைக் கைபேசி வீடியோவில் ஃபிரேம் எண்ணி எடுங்கள், ஸ்டாப்வாட்ச் இதற்கு உதவாது.