மணற்காட்டிலிருந்து காரைநகர் வரை கரையோரமாக

யாழ்ப்பாண வடகரையை மோட்டார் சைக்கிளில் சுற்ற வாறவை கீரிமலையில் தொடங்கிக் கிழக்கே ஓடுவினம். காலை வெயில் நேரே கண்ணில் அடிக்கும். மாறி, கிழக்கிலிருந்து மேற்கே ஓடுங்கோ. யாழ்ப்பாணத்தில் பெற்றோல் நிரப்பி, பருத்தித்துறை தாண்டி முதலில் மணல்மேடுகள் உள்ள மணற்காடு. வாகனத்தைத் தார் றோட்டிலேயே விடுங்கோ. மணலில் சில்லு புதைந்தால் முறுக்கவேண்டாம், இன்னும் தாழும். ரயர் காற்றைக் கொஞ்சம் இறக்கி, முன்னால் தென்னோலை போட்டு மெல்ல எடுங்கோ.

பிறகு வல்வெட்டித்துறை, தொண்டைமானாறு. பலாலியில் விமான நிலையமும் படைமுகாமும் இருக்கிறதால் உள்வீதியால் சுற்றவேணும். மத்தியானம் கீரிமலைக் கேணி: சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் ஊறும் தண்ணீர், கடலுக்கு அருகிலேயே. சோளகக் (தென்காற்றுக்) காலத்தில், கடலுக்குக் குறுக்கே காரைநகருக்குப் போகும் பொன்னாலைத் தாம்போதியில் பக்கக்காற்று மோட்டார் சைக்கிளைத் தள்ளும், வேகத்தைக் குறையுங்கோ. பின்னேரம் காரைநகரின் கசூரினாக் கடற்கரை. திரும்பியதும் செயினை நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் விடுங்கோ. உப்புக்காற்று சும்மா விடாது.