நாலாம் நாள் மரதன்

நான்கு நாள் தொடர் ஓட்டத்தில் முதல் மூன்று நாளும் முறையே 5, 10, 21.1 கிலோமீட்டர்; நாலாம் நாள் முழு மரதன், 42.195. இந்த மரதன் கெட்டுப்போவது பெரும்பாலும் முதல் நாளில்தான். 5 தானே என்று விரட்டினால் தசைநோவு இரண்டு நாள் கழித்து உச்சத்துக்கு வரும். ஆகவே மூன்று நாளும் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம் போதும்.

21.1 முடித்து அரை மணிக்குள் சோறோ புட்டோ, கூட வாழைப்பழமோ உள்ளே போகவேண்டும். தசையில் கிளைக்கோஜன் (தசை சேமித்துவைக்கும் மாச்சத்து) நிரம்ப 24 மணித்தியாலமாவது வேண்டும். மரதனுக்கு முன் கையில் இருக்கும் நேரமோ அதைவிடக் குறைவு. உறைப்புக் கறி அன்றைக்கு வேண்டாம்.

நாலாம் நாள் மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்திலிருந்து விடிய 4 மணிக்கே புறப்படுங்கள். வெயில் ஏறினால் காத்தான்குடிப் பேரீச்சை மரங்களின் நிழல் பேருக்குத்தான். 9 நிமிட ஓட்டம், 1 நிமிட நடை; இதைத் தொடக்கத்திலிருந்தே செய்யவேண்டும், களைத்தபிறகு அல்ல.

ஜீவனி (உடல் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் தூள்) ஒரு பக்கெற்றுக்குச் சரியாக 1 லீற்றர் தண்ணீர். சுமை குறையட்டும் என்று அரை லீற்றரில் கரைத்தால் குமட்டும், வயிறு கலங்கும். வெறும் தண்ணீரையே அளவுமீறிக் குடித்துக்கொண்டிருந்தாலும் இரத்தத்தில் சோடியம் இறங்கும்.

தலையில் தண்ணீர் ஊற்றும்போது முன்னால் நன்றாகக் குனியுங்கள். நிமிர்ந்து ஊற்றினால் அது காலால் வழிந்து சப்பாத்துக்குள் போய், நனைந்த காலுறை சின்னவிரலில் கொப்புளம் போடும்.